‘நண்பகல் 12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள்’ என்றால், வேலைக்கு யார் போவது?

வேப்பங்காற்று எழுதியது:

மார்ச் பிறந்ததும் அந்த அறிவிப்பு வந்துவிடுகிறது: நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை தேவையின்றி வெளியே வராதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், பருத்தி ஆடை உடுத்துங்கள். அறிவுரையில் பிழை இல்லை. ஆனால் அதன்படி நடக்கக்கூடியவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால், ஒருநாள் வேலை நின்றாலும் மாதச் சம்பளம் நிற்காதவர்கள்தாம். சாலையோரத்தில் கரும்புச் சாறு பிழிபவருக்கும், உணவுப் பொட்டலத்தை வண்டியில் கொண்டு போகும் இளைஞருக்கும், சித்தாளுக்கும், உப்பளத் தொழிலாளிக்கும் அந்த மூன்று மணி நேரம்தான் நாளின் நடுப்பகுதி.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்பது அதன் முக்கியப் பகுதி. அப்போது மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் குளிர் அலை இருந்தது, வெப்ப அலை இல்லை. அதனால் மாநிலப் பேரிடர் நிதியில் 10 சதவீதம் வரை மாநிலம் தானே முடிவுசெய்து செலவிடலாம் என்ற விதியின் கீழ்தான் இதைச் செய்ய முடிந்தது. இறந்த பிறகு கொடுப்பதற்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. இறக்காமல் இருப்பதற்கு என்ன வழி என்பதுதான் என் கேள்வி.

தர்ப்பூசணி சாப்பிடுங்கள், வெள்ளரிப் பிஞ்சு நல்லது என்ற வகைக் குறிப்புகளுக்குத் தனி இழைகள் ஏற்கெனவே இருக்கின்றன. உங்கள் தெருவிலும் தொழிலிடத்திலும் உண்மையில் என்ன செய்கிறார்கள், எது பலன் தந்தது, எது வெறும் பெயருக்குச் செய்யப்படுகிறது, யார் செலவில் செய்யப்படுகிறது என்பதை எழுதுங்கள். மருத்துவத் துறையிலும் கட்டுமானத் துறையிலும் இருக்கும் உறுப்பினர்கள் கட்டாயம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஊர்ப்புற மருத்துவர் எழுதியது:

முதலில் எந்த வெப்பத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால் நல்லது. தொலைக்காட்சியில் சொல்லப்படும் டிகிரி மட்டும் உடலுக்கு நேரும் ஆபத்தைக் காட்டாது. நம் உடல் வியர்வையை ஆவியாக்கித்தான் தன்னைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் அளவுகளில் ஒன்று ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு. வேலூரில் 42 டிகிரி வெயில், ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஈரக்குமிழ் அளவு ஏறத்தாழ 24 வரும். சென்னையில் 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் அது 30ஐத் தொடும். செய்தியில் வேலூர்தான் தலைப்பாகும். வியர்வை உலராமல் தவிப்பவர் சென்னையில் இருப்பார். (வேலூர் வெயில் பாதுகாப்பானது என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். அங்கே உடல் தன் நீரை வேறு வகையில், மிக விரைவாக இழக்கும்.)

ஈரக்குமிழ் 35 டிகிரியில் மனித உடல் தாக்குப்பிடிக்காது என்று 2010இல் ஒரு கோட்பாட்டுக் கணக்கு வெளிவந்தது. பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளவயதினரை வைத்து ஆய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவுகள், ஈரமான சூழலில் அந்த எல்லை 31ஐ ஒட்டியே இருக்கிறது என்று காட்டின. அதுவும் நல்ல உடல்நலம் கொண்ட இளைஞர்களுக்கு, இலேசான அசைவில். முதியவர்களுக்கும், சுமை தூக்குபவர்களுக்கும், இதய நோய் மாத்திரையோ சிறுநீர் பிரியும் மாத்திரையோ சாப்பிடுபவர்களுக்கும் எல்லை இன்னும் கீழே என்றுதான் கொள்ள வேண்டும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறையையும் பாருங்கள். கடலோர நிலையங்களில் உச்ச வெப்பம் 37 டிகிரியைத் தாண்ட வேண்டும், அதோடு இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். மே மாதத்தில் சென்னையின் இயல்பான உச்சமே 37 டிகிரியை ஒட்டியிருப்பதால், முறைப்படி ‘வெப்ப அலை’ என்று அறிவிக்க அங்கே 41, 42 டிகிரி வேண்டியிருக்கிறது. 2024 அக்டோபர் 6ஆம் நாள் மெரினாவில் விமானப்படைச் சாகச நிகழ்ச்சியின்போது 5 பேர் இறந்ததையும், வெயிலின் தாக்கமே காரணம் என்று அரசுத் தரப்பே கூறியதையும் நினைவுகூருங்கள். கத்திரி முடிந்து நான்கு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. நிழலும் தண்ணீரும் இல்லாத இடத்தில் பெருங்கூட்டம், கடலோர ஈரக்காற்று, பல மணி நேரக் காத்திருப்பு ஆகியவை சேர்ந்தால் நாட்காட்டியில் எந்த மாதம் என்பது பொருட்டல்ல.

பழைய பஞ்சாங்கம் எழுதியது:

மருத்துவர் ஐயா கூறியதில் எனக்கு மறுப்பில்லை. எனினும் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில் என்று பஞ்சாங்கம் குறித்தது இன்று நேற்றல்ல. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31ஆம் நாள். அதன்பின் இவ்வளவு ஆண்டுகளாகியும் அது முறியடிக்கப்படவில்லை. வெயில் புதிதல்ல, வெயிலைத் தாங்கும் ஏற்பாடுகளை நாம் இழந்ததுதான் புதிது என்பது என் எண்ணம். திண்ணை போயிற்று, முற்றம் போயிற்று, புளியமரச் சாலைகள் நான்குவழிச் சாலைக்காக வெட்டப்பட்டன, ஏரிக்குள் நகர் அமைத்து அதற்கு ‘லேக் வியூ’ என்று பெயரும் வைத்தோம். எல்லாவற்றுக்கும் பருவநிலை மாற்றத்தைக் காரணம் காட்டினால், மரத்தை வெட்டியவர் தப்பித்துக்கொள்கிறார்.

நாட்டுஓடு எழுதியது:

பஞ்சாங்கம் ஐயா சொல்வதில் பாதி எனக்கு ஏற்புடையது. உச்ச வெப்பத்தின் சாதனை முறியடிக்கப்படாததை வைத்து வெயில் கூடவில்லை என்று சொல்லிவிட முடியாது. உலகின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் சென்ற முதல் நாட்காட்டி ஆண்டு 2024 என்று உலக வானிலை அமைப்பு அறிவித்திருக்கிறது. நம்மூரில் அதை உணர வேண்டுமானால் பகல் உச்சத்தைவிட இரவைப் பாருங்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த காங்கிரீட் தளம் நள்ளிரவு தாண்டியும் அதை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். நெருக்கமான தெருக்களில் காற்றோட்டமும் இல்லாததால், மறுநாள் வேலைக்குப் போகிறவர் முந்தைய நாளின் வெப்பத்திலிருந்தே மீளாமல் போகிறார்.

நான் கட்டட வரைவுத் தொழிலில் இருக்கிறேன். எங்கள் தொழிலில் ‘பழைய முறைக்குத் திரும்புவோம்’ என்று பேசுவது இப்போது நல்ல வணிகம். முற்றமும் தூணும் ஆத்தங்குடிக் கற்களும் வைத்துக் கட்டிக்கொள்ள இரண்டு கிரவுண்டு நிலமும் கோடிக்கணக்கில் பணமும் உள்ளவர்களுக்கு அது பொருந்தும். தமிழ்நாட்டு நகரங்களில் வெப்பத்தால் அதிகம் தவிப்பவர்கள் இருப்பதோ பத்துக்குப் பத்து அறையில், ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரையின் கீழ். அங்கே மின்விசிறி கூரைச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது. ஆகவே கூரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கு மலிவான வழி வெள்ளை பூசுவது. சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சோ அடித்தால் கூரை உறிஞ்சும் வெப்பம் கணிசமாகக் குறைகிறது. ஒற்றைத் தகடு போட்ட கூரைகளில் உள்ளே இருப்பவர் அந்த வேறுபாட்டை உடனே உணர்வார். அகமதாபாத் மாநகராட்சி 2017இல் குடிசைப் பகுதிகளில் இதைத் தொடங்கியது; தெலங்கானா 2023இல் குளிர் கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது, ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். பூச்சு சில ஆண்டுகள் நிற்கும், ஆனால் தூசி படிந்தால் பலன் குறையும். கோடை தொடங்கும்போது கழுவிவிட வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் மேல் நேரடியாக ஏறி நிற்காதீர்கள். பலகை போட்டு, அதுவும் அடியில் மரச்சட்டம் இருக்கும் இடத்தில்தான் கால் வைக்க வேண்டும். பழைய தகட்டைத் தேய்த்துச் சுரண்டினால் அந்த நார்த்தூசி நுரையீரலுக்குள் போகும். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாடி வீடுகளுக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதிக்கும் பழைய முறை இன்றும் நல்லது. அதைச் சரியாகச் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். பெரும்பாலான ஒப்பந்தக்காரர்கள் சிமெண்டுக் கலவையில் ஓட்டை ஒட்டிவிட்டு அதே பெயரில் பணம் வாங்கிக்கொள்கிறார்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது குறைவுதான். கூரை வீட்டுக்காரருடையது, சூடு குடியிருப்பவருடையது. இதற்கு அரசோ மாநகராட்சியோ நேரடியாகக் கூரையில் ஏறிப் பூசிக்கொடுத்தாலொழிய வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சாந்துச்சட்டி எழுதியது:

வணக்கம். நான் மேஸ்திரி. என்னிடம் வேலை செய்பவர்களில் உள்ளூர் ஆட்களும் பீகார், ஒடிசா ஆட்களும் இருக்கிறார்கள். இழையைத் தொடங்கியவர் கேட்டதற்கு நேராகவே பதில் எழுதுகிறேன்.

கோடையில் நாங்கள் காலை 6 மணிக்கே தொடங்கி 11 மணிக்கு நிறுத்தி, மாலை 4 மணிக்குமேல் மீண்டும் தொடங்கிப் பார்த்திருக்கிறோம். சொந்த வீடு கட்டுகிறவரிடம் பேசி இதைச் செய்யலாம். பெரிய அடுக்குமாடித் தளங்களில் இது நடப்பதில்லை. காலை 6 மணிக்குக் கலவை இயந்திரம் ஓடினால் அக்கம்பக்கத்தார் காவல் நிலையத்துக்குத் தொலைபேசி செய்கிறார்கள். மாலையில் நீட்டித்தால் பெண் ஆட்களுக்கு வீடு திரும்பப் பேருந்து கிடைப்பதில்லை, பிள்ளைகளுக்குச் சோறாக்கவும் நேரமில்லை. நடுவில் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் எங்கே போய்ப் படுப்பது என்பது அடுத்த கேள்வி. தங்கும் கொட்டகையே தகரம். அதற்குள் கிடப்பதைவிடப் பாதி எழும்பிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஈரச் சிமெண்டு வாசத்தில் படுப்பது மேல் என்றுதான் எல்லாரும் அங்கே ஒதுங்குகிறார்கள்.

சதுரடிக் கணக்கில் வேலை எடுத்தவர்கள் நிறுத்தவே மாட்டார்கள், ஏனென்றால் நிறுத்திய நேரம் அவர்கள் கையிலிருந்து போகிறது. நாள் கூலிக்காரர் பாதியில் உட்கார்ந்தால் அரைநாள் கூலிதான். வெயிலில் மயங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாருமே ‘இன்னும் கொஞ்சம்தான், முடித்துவிடுகிறேன்’ என்று சொன்னவர்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். தளம் போடும்போது பொறியாளர்கள் வெயிலுக்கு எவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பதை நாங்கள் பார்க்கிறோம். 40 டிகிரிக்கு மேல் காங்கிரீட் போட வேண்டியிருந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்று 1975இலேயே இந்தியத் தர நிர்ணய ஆவணம் வந்திருக்கிறது, ஐ.எஸ். 7861 என்று அதற்கு எண். ஜல்லியை நிழலில் வை, தண்ணீரைக் குளிர்வி, முடிந்தால் அதிகாலையிலோ இரவிலோ போடு, போட்டதும் ஈரச்சாக்கால் மூடு என்று எல்லாம் உண்டு. அந்தக் காங்கிரீட்டைச் சட்டியில் ஏந்திப் போகும் சித்தாளுக்கு அப்படி ஓர் எண்ணை எந்த ஒப்பந்தத்திலும் நான் கண்டதில்லை.

ஊர்ப்புற மருத்துவர் எழுதியது:

மேஸ்திரி அண்ணாவுக்கு நன்றி. உங்கள் ஆட்களுக்காக ஒரு குறிப்பு. வெளியூரிலிருந்து புதிதாக வந்தவரையும், ஊருக்குப் போய் நீண்ட விடுப்புக்குப்பின் திரும்பியவரையும் முதல் நாளே முழுவேலையில் இறக்காதீர்கள். உடல் வெப்பத்துக்குப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்கள் வரை ஆகிறது. முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வெயிலில் வேலை, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டுவது என்பது அமெரிக்கத் தொழில்நலத் துறையினர் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கும் முறை. வெளிவேலையில் நேரும் வெப்ப இறப்புகளில் பாதிக்கு மேல் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே நிகழ்கின்றன என்பது அவர்களுடைய பதிவுகளிலிருந்து தெரிந்தது.

மயங்கியவர் பிதற்றினாலோ, நடை தடுமாறினாலோ, கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். உழைப்பினால் வரும் வெப்ப வாதத்தில் உடல் நனைந்தே இருக்கலாம். ஆட்டோ தேடுவதற்கு முன்பே குளிர்விக்கத் தொடங்குங்கள். கட்டடத் தளத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கும், தலையைத் தாங்கிப் பிடித்துக் கழுத்து வரை அதில் இறக்குங்கள். அது இயலாவிட்டால் உடல் முழுதும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. 108க்கு ஒருவர் அழைக்கட்டும், மற்றவர்கள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.

தோகா நிழல் எழுதியது:

நான் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கத்தாரில் இருக்கிறேன். இங்கே ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் பிற்பகல் 3:30 வரை திறந்தவெளி வேலை கூடாது என்று 2021இல் விதி வந்தது. அதற்கு முன்பும் தடை இருந்தது, ஆனால் நேரமும் குறைவு, மாதமும் குறைவு. புதிய விதியில் எனக்குப் பிடித்தது, எந்த நேரமானாலும் வெப்ப அழுத்த அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும் என்பதுதான். இது சாதாரண வெப்பமானி அளவல்ல. ஈரக்குமிழ் 70 சதவீதம், கறுப்புக் கோளத்தில் அளக்கும் வெயிலின் சூடு 20 சதவீதம், காற்றின் வெப்பம் 10 சதவீதம் என்று சேர்த்துக் கணக்கிடுவது. மருத்துவர் சென்னையைப் பற்றிச் சொன்ன சிக்கலுக்கு இந்த அளவுதான் பொருந்தும்.

ஆனால் தாளில் உள்ளதெல்லாம் தளத்தில் இருப்பதில்லை. சில ஒப்பந்த நிறுவனங்கள் இழந்த நேரத்தைப் பின்னிரவிலும் விடியற்காலையிலும் ஈடுகட்டுவதால் ஆட்களுக்குத் தூக்கம் துண்டு துண்டாகப் போகிறது. கருவி பெரிய தளங்களில்தான் இருக்கிறது. புகார் செய்பவர் விசாவுக்கு அஞ்சுகிறார். எனினும் நேரத் தடை என்பது கண்ணால் பார்க்கக்கூடிய விதி. பகல் 12 மணிக்குக் கூரைமேல் ஆள் நிற்கிறாரா இல்லையா என்பதற்கு ஆய்வாளர் கருவி கொண்டுவர வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து வேலை செய்பவருக்கு இருக்கும் இந்தச் சட்டப் பாதுகாப்பு, அவர் விடுமுறையில் ஊருக்குப் போய்த் தம் தம்பியோடு சித்தாள் வேலைக்குப் போனால் இல்லை.

பழைய பஞ்சாங்கம் எழுதியது:

கத்தாரில் எண்ணெய்ப் பணம் இருக்கிறது. அந்த விதியை இங்கே கொண்டுவந்தால் மேஸ்திரி சொன்ன அரைநாள் கூலியை யார் கொடுப்பது? சட்டம் போட்டு வேலையை நிறுத்தினால் சித்தாளின் அடுப்பைத்தான் நிறுத்தியதாகும்.

வேப்பங்காற்று எழுதியது:

கேரளம் எண்ணெய் நாடு அல்லவே, ஐயா. அங்கே தொழிலாளர் ஆணையர் கோடைதோறும் ஆணை பிறப்பித்து, நேரடி வெயிலில் வேலை செய்பவர்களுக்கு 12 முதல் 3 வரை ஓய்வு என்றும், காலை 7 முதல் மாலை 7 வரைக்குள் எட்டு மணி நேர வேலையை அமைத்துக்கொள்ள வேண்டும் என்றும் ஒழுங்கு செய்கிறார். கூலி குறைவதில்லை, நேரம்தான் நகர்கிறது. பேருந்து, பிள்ளைகள் என்று மேஸ்திரி சொன்ன சிக்கல்கள் அங்கும் இருக்கும், அதை மறுக்கவில்லை.

பிசிறு எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் வெயிலில் நிற்பவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். எங்கள் தலைமேல் வெயில் படுவதில்லை. தகடு வேய்ந்த கூரையின் கீழ் நீராவி இஸ்திரிப் பெட்டிகள் வரிசையாக ஓடுகின்றன. பஞ்சுத் துகள் பறக்கும் என்றும், துணி நகரும் என்றும் இஸ்திரிப் பிரிவில் மின்விசிறியைக் குறைத்து வைப்பார்கள். ஏப்ரல் மாதத்தில் அங்கே மதியச் சாப்பாட்டுக்குப்பின் நிற்பது எப்படி இருக்கும் என்பதை எழுதிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்கிறீர்கள். கழிவறைக்குப் போக லைன் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், போய்வந்த நேரம் உற்பத்திக் கணக்கில் இடிக்கும், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. ஆகவே பெண்கள் பலர் காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்க்கிறோம். சிறுநீர்க் கடுப்பும் தலைவலியும் எங்கள் பிரிவில் பேசிப் பேசி அலுத்துப்போன செய்திகள். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியிருந்தது. எங்கள் இடத்தில் தண்ணீர்க் கருவி இருக்கிறது, குளிர்ந்தும் வருகிறது. குடிக்கத்தான் முடியவில்லை.

2021இல் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தபோது, இதற்கெல்லாமா சட்டம் என்று சிரித்தவர்கள் உண்டு. ஜவுளிக் கடையில் நாள் முழுதும் நின்ற என் அக்கா சிரிக்கவில்லை.

ஊர்ப்புற மருத்துவர் எழுதியது:

தங்கை எழுதியது மிக முக்கியமானது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பம் மிகுந்த சூழலில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் போன்றவற்றின் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது தெரியவந்தது. உப்பளத் தொழிலாளர்களின் சிறுநீரக நலனைப் பற்றியும் அதே நிறுவனத்தினர் ஆய்ந்திருக்கிறார்கள். உப்பளத்தில் கீழே உப்புநீர் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது, மேலே சூரியன், சுற்றிலும் மறைவிடம் என்று ஒன்றும் இல்லை. எனவே அங்கும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல்தான் வேலை செய்கிறார்கள். வெப்பத்திலிருந்து காப்பதற்கான பட்டியலில் முதலில் இருக்க வேண்டியது கழிவறை என்று நான் கூட்டங்களில் சொன்னால் வியப்போடு பார்க்கிறார்கள். பந்தல் திறப்பு விழாவுக்கு வரும் ஆட்கள் கழிவறைத் திறப்புக்கு வருவதில்லை.

சர்க்கரை நோயாளிகள் ஓ.ஆர்.எஸ். (உப்புச் சர்க்கரைக் கரைசல்) குடிக்கலாமா என்று தனிமடலில் இருவர் கேட்டிருந்தார்கள். கடும் வியர்வையில் வேலை செய்த நாளில் அளவாகக் குடிக்கலாம். பொட்டலத்தின்மேல் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்; பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர், ஒரு குவளை அல்ல. வீட்டில் நிழலில் இருப்பவருக்கு அது தேவையில்லை, நீர்மோரும் நீராகாரமும் போதும். கடையில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டு விற்கப்படும் இனிப்புப் பானங்களை வாங்க வேண்டாம். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பையோ தண்ணீரின் அளவையோ கூட்ட வேண்டாம்.

நாட்டுஓடு எழுதியது:

பஞ்சாங்கம் ஐயாவின் ‘யார் கொடுப்பது’ என்ற கேள்விக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இந்த இழையின் முடிச்சு அதுதான். குஜராத்தில் 1972இல் இளா பட் தொடங்கிய சேவா அமைப்பு, முறைசாராத் தொழில் செய்யும் பெண்களுக்காக 2023இல் ஒரு வெப்பக் காப்பீட்டைத் தொடங்கியது. வெப்பம் குறிப்பிட்ட வரம்பைத் தொட்டால், யாரும் மனுப்போட வேண்டியதில்லாமல் பணம் கணக்கில் விழும். முதல் ஆண்டு வரம்பு எட்டப்படவில்லை, பணமும் வரவில்லை. மறு ஆண்டு மூன்று மாநிலங்களில் ஏறத்தாழ 50,000 பெண்களுக்கு விரிவாக்கி, வெப்பம் வரம்பைத் தாண்டியபோது பணம் வழங்கினார்கள். தொகை சிறியதுதான். ஆனாலும் ‘இன்று கடையைப் போட வேண்டாம்’ என்று ஒரு காய்கறி விற்பவர் முடிவெடுக்கத் துணையாகும் தொகை. நம் கடலோரத்துக்கு அப்படியே கொண்டுவந்தால் டிகிரிக் கணக்கு இடிக்கும், ஈரப்பதத்தையும் சேர்த்து வரம்பு வைக்க வேண்டியிருக்கும்.

தோகா நிழல் எழுதியது:

காப்பீட்டுக்குக் கட்டணம் கட்டுவது யார்? முதலாளி கட்டுவாரென்றால் எனக்கு உடன்பாடு. சித்தாளே கட்ட வேண்டுமென்றால் கூலியில் இன்னொரு பிடித்தம் என்றே அவர் எண்ணுவார்.

சாந்துச்சட்டி எழுதியது:

புதிய பணம் எதுவும் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. கட்டடம் கட்டுகிறவர் செலவில் 1 சதவீதத்தை அதற்கு நலநிதியாகக் கட்டுகிறார். கல்விக்கும் திருமணத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் அதிலிருந்து கொடுக்கிறார்கள். டெல்லியில் காற்று மாசுக்காகக் கட்டுமான வேலைகளை நிறுத்தியபோது, வாரியத்தில் பதிவு செய்த தொழிலாளர்களுக்கு 2021இல் தலைக்கு 5,000 ரூபாயும் 2024இல் 8,000 ரூபாயும் கொடுத்தார்கள் என்று எங்கள் சங்கக் கூட்டத்தில் சொன்னார்கள். புகைக்காக நின்ற வேலைக்குப் பணம் உண்டென்றால் வெயிலுக்காக நின்ற வேலைக்கும் ஏன் இருக்கக்கூடாது?

பழைய பஞ்சாங்கம் எழுதியது:

டெல்லிச் செய்தியில் பொருள் இருக்கிறது. ஆனால் பதிவு செய்தவர்களுக்குத்தானே பணம்? உங்கள் பீகார் ஆட்களில் எத்தனை பேரிடம் வாரிய அட்டை இருக்கிறது, மேஸ்திரி?

சாந்துச்சட்டி எழுதியது:

பெரும்பாலோரிடம் இல்லை. ஆதார் முகவரி அந்த ஊரில் இருக்கிறது, கைபேசி எண் மாறிக்கொண்டே இருக்கிறது, நாங்களும் அடுத்த தளத்துக்குப் போய்விடுகிறோம். அவர்களைப் பதிவு செய்ய வைப்பது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்று ஆக்கினால்தான் நடக்கும். கட்டட அனுமதிக்குக் கோப்பு போகும்போதே நலநிதியைக் கட்டச் சொல்கிறார்கள் அல்லவா? வேலை தொடங்கும்போது ஆட்களின் பட்டியலையும் கேட்கட்டும்.

வேப்பங்காற்று எழுதியது:

இதுவரை வந்தவற்றிலிருந்து தொழிலாளர் நலத்துறைக்கும் வாரியத்துக்கும் ஒரு மனு எழுதலாம் என்று எண்ணுகிறேன். கடலோர மாவட்டங்களில் ஈரப்பதத்தைச் சேர்த்த அளவின்படி வேலையை நிறுத்தி வைக்கும் நேரம், நின்ற நேரத்துக்கு நலநிதியிலிருந்து கூலி, தளத்தில் நிழற்கூடமும் தாழ்ப்பாள் உள்ள கழிவறையும், ஆலைகளுக்கும் இது பொருந்துதல் ஆகியவை அதில் இருக்கும். சென்னை மாநகராட்சி 2025இல் அண்ணா நகரில் உணவு கொண்டு போகும் இளைஞர்களுக்காகக் குளிர்வசதியுள்ள ஓய்வறை திறந்ததையும் முன்மாதிரியாகக் குறிப்பிடலாம். கட்டட வரைவாளர் கூரை பற்றிய பத்தியை எழுதித் தர வேண்டும். திருப்பூர்த் தங்கை பெயர் போடாமலே தன் பகுதியை எழுதலாம்.

பிசிறு எழுதியது:

எழுதித் தருகிறேன், அண்ணா. கழிவறைக்குப் போன நேரத்தை உற்பத்திக் கணக்கில் கழிக்கக்கூடாது என்பதைத் தனி வரியாகவே போடுங்கள். நிழற்கூடத்தோடு சேர்த்து எழுதினால் அதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

ஊர்ப்புற மருத்துவர் எழுதியது:

மனுவில் இறப்புப் பதிவையும் சேர்க்க வேண்டும். அகமதாபாத்தில் 2010 மே மாதம் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னர் கணக்கிட்டுக் கண்டறிந்தார்கள்; அந்த வெப்ப அலைக்குப் பிறகுதான் 2013இல் அந்நகரின் வெப்பச் செயல்திட்டம் பிறந்தது. அந்த இறப்புகளில் பெரும்பாலானவை பதிவேட்டில் வெப்பம் என்று எழுதப்படவில்லை. இங்கும் இதய நிறுத்தம், சிறுநீரகச் செயலிழப்பு என்றே சான்றிதழில் வரும். 4 லட்சம் ரூபாய் நிவாரணம் கேட்கும் குடும்பத்திடம் காரணம் வெப்பம்தான் என்பதற்குச் சான்று கேட்பார்கள். சில மணி நேரம் கழித்து உடற்கூறாய்வில் அதை உறுதிசெய்வது கடினம்.

ஆகவே ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களும் 108 ஊழியர்களும் மயங்கி வந்தவரின் ஆசனவாய் வெப்பநிலையை முதல் சில நிமிடங்களிலேயே எடுத்து, நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும். அக்குளில் எடுப்பது இதற்குப் போதாது. எங்கிருந்து வந்தார், என்ன வேலை, எவ்வளவு நேரம் வெயிலில் அல்லது சூட்டில் இருந்தார் என்ற மூன்று வரிகளும் அதே சீட்டில் இருக்க வேண்டும். மேஸ்திரி அண்ணா, ஆளை அனுப்பும்போது கூடப் போகிறவரிடம் அந்த மூன்றையும் சொல்லி அனுப்புங்கள். தண்ணீரில் இறக்கிய நேரத்தையும் அவர் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் நன்றாகக் குளிர்வித்து அனுப்பியிருந்தால் எங்கள் வெப்பமானி குறைவாகக் காட்டும்.

சாந்துச்சட்டி எழுதியது:

குறித்துக்கொண்டேன், ஐயா. தளத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் தமிழிலும் இந்தியிலும் எழுதிவைக்கச் சொல்கிறேன். ஒடியாவில் எழுதித் தரக்கூடியவர் இங்கே யாராவது இருந்தால் தெரிவியுங்கள்.